கம்பெனி செலவில் விருந்து... வயிறு உங்களுடையது!

சொந்தக் காசில் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள் நுழைய நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்? வாசலில் தலைப்பாகை கட்டிய காவலாளி கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்லும்போதே, 'பில் எவ்வளவு வருமோ!' என்ற கவலை வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால், வேலை நம்மை அங்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. டீலர் மீட்டிங், பயிற்சி முகாம், கண்காட்சி, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விருந்து என்று ஏதாவது ஒரு காரணம். பில்லைக் கம்பெனி கட்டிவிடுகிறது. சாப்பாட்டைச் செரிக்க வேண்டியது மட்டும் நம் பொறுப்பு!

எங்கள் விருத்தாசலம் சின்ன ஊர்தான். ஆனால் செராமிக் ஊர். நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இங்கே நடக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று தொழிற்பேட்டைச் சூளைகளில் வெந்து வெளியே வருகின்றன. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத் தருவதற்கென்றே அரசு நிறுவனமும் இருக்கிறது. ஆகவே ஆர்டர் பிடிக்கப் பல்லவனிலும் வைகையிலும் சென்னைக்குப் போகிறவர்கள், இயந்திரம் பார்க்கக் குஜராத்தின் மோர்பி வரை போகிறவர்கள் எல்லாம் என் கிளினிக்குக்கு வருவார்கள்.

"நேத்து ராத்திரி பெரிய ஓட்டல்ல டின்னர், டாக்டர். காலையிலிருந்து வயிறு கல்லு மாதிரி இருக்கு. ஒரு சூரணம் குடுங்களேன்."

சித்த மருத்துவர் என்றால், 'அங்கெல்லாம் போகாதே, கஞ்சி குடி' என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறீர்களா? நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. நல்ல சமையல் ஒரு கலை. அதைத் தேடி வந்த வாய்ப்பில் ருசிப்பது தப்பே இல்லை. எப்படி ருசிப்பது, எப்போது ருசிப்பது என்று தெரிந்துகொண்டால் சூரணத்துக்கு வேலை இருக்காது.

பெரிய ஓட்டல் சொல்லித் தரும் பாடம்

ஒரு காலத்தில் நட்சத்திர ஓட்டல் என்றாலே வெள்ளைக்காரச் சாப்பாடு, இல்லாவிட்டால் வடநாட்டுச் சாப்பாடு. சென்னையில் இந்த நிலைமை மெல்ல மெல்ல மாறியது. பார்க் ஷெரட்டனில் 1989இல் தொடங்கப்பட்ட 'தக்ஷிண்' உணவகம், நான்கு தென் மாநிலச் சமையலையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வந்தது. (அது இயங்கிய ஓட்டல் 2023இல் மூடப்பட்டுவிட்டது.) கன்னிமாராவின் 'ரெயின்ட்ரீ'யில் செட்டிநாட்டுச் சமையல், தாஜ் கோரமண்டலின் 'சதர்ன் ஸ்பைஸ்'ஸில் தென்னிந்தியச் சமையல் என்று நம்ம ஊர் ருசிக்கும் பட்டு விரிப்பு விரித்தார்கள்.

கிண்டியில் 2012இல் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 'அவர்தனா' என்று ஓர் உணவகம் இருக்கிறது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2024இல் இடம் பிடித்தது. அங்கே மெனு கார்டைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிற வேலை இல்லை. 7 முதல் 13 வகைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாமே இரண்டு, மூன்று வாய்தான். தெளிவாக வடித்த தக்காளி ரசம் கண்ணாடிக் கோப்பையில் வந்து நிற்கும்!

நம் பாட்டி காய்ச்சல்காரருக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்த அதே ரசம்தான். சித்த மருத்துவத்தில் மிளகும் சீரகமும் பசித்தீயைத் தூண்டுபவை. ஆகவே ரசத்தில் விருந்தைத் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதிலே கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? உயர்ந்த சமையல்காரர் தட்டை நிரப்புவதில்லை. கொஞ்சமாக வைக்கிறார், நிதானமாக அனுப்புகிறார். முதல் இரண்டு மூன்று கவளத்தில்தான் நாக்கு ருசியை முழுசாக உணரும் என்பது அவருக்குத் தெரியும். நாமோ அதே மாதிரி ஓட்டலின் பஃபேயில் தட்டைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு வருகிறோம்!

பஃபே என்னும் பொறி

பஃபே மேஜையில் ஐம்பது, அறுபது ஐட்டம் இருக்கும். 'காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் ஒரு கை பாத்துடுவோம்' என்று மனசு சொல்லும். காசு கொடுத்தது கம்பெனி என்றால் ஆசை இன்னும் இரண்டு மடங்கு!

வகை கூடினால் அளவும் கூடும். இதை 1981இலேயே பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு சோதித்துக் காட்டியது. ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை கொடுத்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். ஒரு ருசி அலுத்துப்போனாலும் அடுத்த ருசிக்கு நாக்கு மறுபடி தயாராகிவிடுகிறது. வயிறு நிறைந்த பிறகும் குலாப் ஜாமூனுக்கு இடம் கிடைப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இட்லி, பூரி, வெஜிடபிள் புலாவ் எல்லாம் நம் வீட்டிலேயே கிடைக்கும். வீட்டில் செய்ய முடியாதது, இதுவரை சாப்பிடாதது என்று நான்கு அல்லது ஐந்து ஐட்டங்களை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை மட்டும் எடுங்கள். அரை வயிறு உணவு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்பது நம் முன்னோர் கணக்கு. அந்தக் கால் வயிற்றுக் காலியிடம்தான் மறுநாள் காலையில் உங்களை நிம்மதியாக எழுப்பும்.

எதை முதலில் சாப்பிடுவது என்பதும் முக்கியம். காய்கறி, பருப்பு, பனீர், மீன் அல்லது கோழி முதலில். நான், ரொட்டி, சாதம் பிறகு. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் சிலரை வைத்து நடத்தி, 2015இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இந்த வரிசையில் சாப்பிட்டபோது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. அதே உணவு, அதே அளவு. வரிசை மட்டும்தான் வேறு!

மாத்திரை எட்டு மணிக்கு... சாப்பாடு பத்தே காலுக்கு

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

என்னிடம் வரும் ஒருவருக்கு 46 வயது. விற்பனைப் பிரிவில் வேலை. சர்க்கரைக்கு ஆங்கில மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர். வீட்டில் இரவு எட்டு மணிக்கு மாத்திரை, எட்டேகாலுக்குச் சாப்பாடு. மனைவி கடிகாரம் மாதிரி பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் வெளியூரில் கம்பெனி விருந்து. பழக்கப்படி எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். விருந்தில் முதலில் பேச்சு, பிறகு பரிசளிப்பு, பிறகு மறுபடி பேச்சு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மணி பத்தே கால். அதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. கூட இருந்தவர்கள், 'அண்ணன் இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டாரு' என்று சிரித்திருக்கிறார்கள். அவரோ மதுவைத் தொடாத மனிதர்! பரிமாற வந்த பையன்தான், "எங்க அப்பாவுக்கு இப்படித்தான் சார் வரும்" என்று சொல்லி, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

அந்தப் பையன் இல்லாவிட்டால்?

கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாடு தாமதமானால் தாழ்சர்க்கரை நிலை வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம் வரை போகலாம். வெறும் வயிற்றில் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். போதாக்குறைக்கு, அது போதை என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள்.

விருந்துக்குப் போகும் முன் உங்கள் மருத்துவரிடம், 'இரவுச் சாப்பாடு தள்ளிப் போனால் இந்த மாத்திரையை எப்போது போட வேண்டும்?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ, நான்கைந்து சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி உயிருக்கே ஆபத்தாகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உடன் வரும் நண்பர் ஒருவரிடமாவது, 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது' என்று சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்து ராத்திரிதானே என்று பகல் முழுக்கப் பட்டினி கிடக்காதீர்கள். அகோரப் பசியோடு உட்கார்ந்தால் கண் கேட்பதையெல்லாம் கை எடுக்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டலோ, ஒரு பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆறு சுவையில் நான்குதான்!

இனிப்பு, புளிப்பு, உப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. இந்த ஆறு சுவையும் சமமாக இருந்தால்தான் வாதம், பித்தம், கபம் மூன்றும் தத்தம் அளவில் நிற்கும் என்கிறது சித்த மருத்துவம். ஓட்டல் மெனுவை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு சுவையும் தாராளமாக இருக்கும். கைப்பையும் துவர்ப்பையும் தேடித்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்துக் கசப்பு சாப்பிட யார் வருவார்கள், சொல்லுங்கள்?

அந்தப் பாக்கியை மறுநாள் வீட்டில் தீர்த்துவிடலாம். வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய்ப் பொரியல் ஆகியவை கைப்புக்கு. வாழைப்பூ, மாதுளை, அத்திப்பிஞ்சு ஆகியவை துவர்ப்புக்கு. இல்லத்தரசிகள் கவனிக்க: கணவர் டூர் முடிந்து வரும் நாளில், 'பாவம், வெளியூர் போய் வந்திருக்கிறார்' என்று பாயசம் வைக்காதீர்கள். வேப்பம்பூ ரசம் வையுங்கள். முகம் சுளித்தாலும் வயிறு வாழ்த்தும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். சூப், சாஸ் ஊற்றிய ஸ்டார்ட்டர், ஊறுகாய், அப்பளம் என்று போனால் ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடலாம். ரத்த அழுத்தக்காரர்கள் சூப், ஸ்டார்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வரும் பீடாவிலும் ஒரு எச்சரிக்கை. வெற்றிலை நல்லது. ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. 'பாக்கு இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

மேஜையில் மறுப்பது எப்படி?

"வேணாம்னா மரியாதைக் குறைவா நினைப்பாங்களே டாக்டர்!" எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஆர்டர் கொடுக்கப் போகிறவர் எதிரே உட்கார்ந்து, 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்கிறார். மேலதிகாரி கோப்பையை நீட்டுகிறார். என்ன செய்வது?

வெறும் தட்டைத்தான் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே உங்கள் தட்டில் எப்போதும் கொஞ்சம் மீதி இருக்கட்டும். மெதுவாகச் சாப்பிடுங்கள், நடுவில் பேசுங்கள். கையில் எலுமிச்சைச் சாறோ மோரோ இருந்தால் வேறு கோப்பை வராது. 'நாட்டு மருந்து சாப்பிடுகிறேன், பத்தியம்' என்று என்னைக் காரணம் காட்டினாலும் எனக்குச் சம்மதமே!

வேலைக்குப் போகும் பெண்களும் இன்று இந்த மேஜைகளில் நிறைய உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தொல்லை வேறு விதம். கூச்சத்தில் சாப்பிடாமலேயே எழுந்து, அறைக்குப் போய் பிஸ்கட் தின்று படுப்பவர்கள் உண்டு. அம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்!

ரயிலில் நெஞ்சு எரிந்தால்...

சென்னை விருந்து முடிந்ததும் எழும்பூருக்கு ஓடி, ரயில் ஏறி, உடனே படுத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கும். உண்ட பிறகு சிறிது தூரம் நடக்கச் சொல்கிறார் சித்தர் தேரையர். இடதுபக்கமாகப் படுக்கவும் சொல்கிறார். இடதுபுறம் படுத்தால் அமிலம் மேலேறுவது குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே பிளாட்பாரத்தில் 15 நிமிடம் நடங்கள். கீழ் பெர்த்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு இடதுபக்கமாகச் சாய்ந்து படுங்கள். நேரம் கிடைத்தால் விருந்துக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

வெறும் மந்தம் என்றால் சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், சுக்குமல்லிக் காபி போதும். பஞ்சதீபாக்கினிச் சூரணமும் கேட்கும். அதில் சர்க்கரை சேர்ந்திருப்பதால் நீரிழிவுக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். நடு நெஞ்சில் இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல்... இவை வந்தால், 'பிரியாணி கேஸ்தான்' என்று இஞ்சிச் சாறு, சோடா என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் திணறலுமாகவும் வரும். ரயிலில் இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், 139க்கு அழையுங்கள். வெளியே என்றால் 108. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: அந்த நேரத்துக்குச் சூரணம் மருந்தல்ல, ஆஸ்பத்திரிதான் மருந்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். "அவர் அந்த ஓட்டல் ஐட்டத்தையெல்லாம் பத்துத் தடவையாவது சொல்லிட்டாரு டாக்டர். நான் வைக்கிற சாம்பார் இப்ப அவருக்கு இறங்க மாட்டேங்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

வேலைக்காகப் போகிறவருக்கு அது மாதம் ஒரு விருந்து. வீட்டில் இருப்பவர்களுக்கு அது வெறும் கதை. வருஷத்தில் ஒருநாள், சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து, மனைவி மக்களையும் அழைத்துப் போங்கள். இரவு பஃபேயைவிட மதியச் சாப்பாட்டுக்குப் போவது வயிற்றுக்கு நல்லது. அன்று அங்கே ருசித்ததில் ஒன்றை வீட்டில் செய்து பாருங்கள். கம்பெனி செலவில் தனியாகச் சாப்பிட்ட பத்து விருந்தைவிட இந்த ஒன்று உடம்பிலும் மனசிலும் நன்றாக ஒட்டும்.

விருந்துக்குப் புறப்படும் முன்...

• மாலை ஆறு மணிக்கு ஒரு சிறு சிற்றுண்டி. பட்டினி வேண்டாம்.

• சர்க்கரை மாத்திரை எப்போது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். பையில் குளுக்கோஸ் அவசியம்.

• பஃபேயில் முதலில் ஒரு சுற்று, பிறகுதான் தட்டு. நான்கைந்து ஐட்டங்கள் போதும்.

• காய்கறியும் பருப்பும் முதலில், சாதமும் ரொட்டியும் பிறகு.

• சூப் அல்லது ஸ்டார்ட்டர், ஏதாவது ஒன்று. பீடாவில் பாக்கு வேண்டாம்.

• சாப்பிட்டபின் 15 நிமிட நடை. இடதுபக்கப் படுக்கை.

• மறுநாள் வயிறு கேட்கும்வரை காத்திருந்து வெந்நீர், கஞ்சி, மதியம் வேப்பம்பூ ரசம்.

முன்பு உண்டது செரித்ததை அறிந்து அடுத்த வேளை உண்பவருக்கு மருந்தே தேவையில்லை என்பது வள்ளுவர் வாக்கு. ஐந்து நட்சத்திர ஓட்டலாக இருந்தாலும் சரி, நம் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் சரி, இது பொது விதி. அடுத்த முறை கம்பெனி கூப்பிட்டால் தைரியமாகப் போய் ரசித்துச் சாப்பிட்டு வாருங்கள். காலையில் பசியோடு எழுந்தீர்கள் என்றால், முதல் நாள் விருந்தைச் சரியாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்!